சீட்டும் சிலந்தியும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் சிலந்தியைப் பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது என்று இப்பக்கத்தைப் புரட்டுவோர் வியக்கக்கூடும். அவ்வியப்பு இயல்பானதே. ஆயினும் பெயரிடுதலும், இட்ட பெயர் எப்பொருளைக் குறிக்கின்றது என்பதைப் பிறழாமல் காத்தலும் மொழியாளர்க்கும் உயிரியலார்க்கும் பொதுவான பணிகள். அப்பணியின் அருமையை யாம் உணர்ந்தது ஒரு கண்ணாடிக் குப்பியின் முன்னிலையில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விலங்கியல் துறையைச் சார்ந்த நண்பர் ஒருவர் தம் ஆய்வகத்து அலமாரியைத் தூய்மை செய்துகொண்டிருந்தார். வேண்டாதவை என ஒதுக்கி வைத்த குப்பிகளுள் ஒன்றில், சாராயத்தில் ஊறிய சிலந்தி ஒன்று கால்களை மடக்கிக் கிடந்தது. குப்பியில் சீட்டு இல்லை. ஒட்டியிருந்த தாள் என்றோ உதிர்ந்துவிட்டது. "உடல் குறைவில்லாமல் இருக்கிறதே, இதை ஏன் எறிய வேண்டும்?" என்று வினவினோம். "உடல் இருக்கிறது சார், ஊர் இல்லையே!" என்றார் நண்பர்.

அவ்வொரு விடை எம்மை நெடுநாள் விட்டு நீங்கவில்லை. செத்த சிலந்திக்கு ஊர் எதற்கு? சீட்டில்லாத உடலை வீண் என ஒதுக்கும் அறிவியல், சீட்டுள்ள உடலைக் கொண்டு என்ன செய்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சென்றபோது கிடைத்த செய்திகளை, மாலோஸ் என்னும் சிறு சிலந்திப் பேரினத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

கண்ணி வலை பின்னும் குடும்பம்

சிலந்தி வலை என்றவுடன் சக்கரம் போன்ற வட்ட வலையே நம் நினைவுக்கு வரும். எல்லாச் சிலந்திகளும் அத்தகைய வலையைப் பின்னுவதில்லை. டிக்டினிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகள், செடியின் நுனியிலும் உலர்ந்த பூந்தண்டிலும் இலைமேலும் சுவரிலும் ஒழுங்கற்ற கண்ணிகளையுடைய சிறு வலையைப் பின்னுவன. இவற்றுள் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளத்திற்கு மேல் வளர்வதில்லை. உலகெங்கும் நானூற்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. டிக்டினா என்னும் பேரினத்தின் பெயராலேயே குடும்பத்திற்கும் பெயர் அமைந்தது. கிரேக்க மொழியில் வலையைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர்.

இவற்றின் நூல் தனித்தன்மை உடையது. வட்ட வலைச் சிலந்திகள் பலவும் நூலின்மேல் பசைத்துளிகளை வைத்து இரையைப் பிடிக்கின்றன. டிக்டினிடே குடும்பத்தில் பலவற்றின் நூலிலோ பசை இல்லை. இவற்றின் வயிற்றடியில், நூற்பு உறுப்புகளுக்கு முன்னால், நுண்துளைகள் நிறைந்த ஒரு தட்டு உண்டு. இலத்தீன் மொழியில் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'சிறு சல்லடை' என்பதாகும். அச்சல்லடையின் துளைகள்தோறும் மிக நுண்ணிய இழைகள் வெளிவருகின்றன. நான்காம் இணைக் காலில் சீப்புப் போல அமைந்த மயிர்வரிசையால் சிலந்தி அவ்விழைகளை வாரி எடுத்துப் பஞ்சுபோல் ஆக்குகின்றது. பூச்சியின் கால்மயிர் அப்பஞ்சில் சிக்கினால் மீள்வது அரிது. பஞ்சைக் கொட்டி, வாரி, நூற்கும் கலையை மனிதன் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே இச்சிற்றுயிர் கைவரப் பெற்றிருந்தது எனலாம்.

ஈ பிடிக்கும் கிளை

மெக்சிகோ நாட்டின் மேட்டு நிலங்களில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிலந்தி வாழ்கின்றது. சிலந்திகள் இயல்பாகத் தனித்து வாழ்வன; ஒன்றையொன்று கண்டால் கொன்று தின்னவும் தயங்காதன. இதுவோ அதற்கு முற்றிலும் மாறானது. ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, மரக்கிளையைப் போர்த்தியதுபோல் ஒரே வலைவிரிப்பைக் கட்டி, அதனுள் வாழ்கின்றது. ஈ சிக்கினால் பல சிலந்திகள் கூடித் தாக்கிக் கூடியே உண்கின்றன. அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் மழைக்காலத்தில் இவ்வலை படர்ந்த கிளையை வெட்டி வந்து, வீட்டினுள் தொங்கவிட்டு, ஈக்களைப் பிடிக்கப் பயன்படுத்தி வந்தனர். ஈயைக் குறிக்கும் 'மொஸ்கா' என்னும் ஸ்பானியச் சொல்லிலிருந்து, இதனை 'மொஸ்கேரோ' என வழங்கினர்.

பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த லியோன் டிகே என்னும் இயற்கை ஆய்வாளர் மெக்சிகோவில் இவ்வழக்கத்தைக் கண்டு 1909ஆம் ஆண்டில் எழுதினார். அதே ஆண்டில் பாரிசு நகரில் யூஜீன் சிமோன் என்னும் புகழ்பெற்ற சிலந்தியியல் அறிஞர் அச்சிலந்திக்கு அறிவியற் பெயர் சூட்டினார். கீனோதீலி கிரிகாலிஸ் என்பது அப்பெயர். 'கிரிகாலிஸ்' என்னும் இலத்தீன் சொல் மந்தையாகக் கூடி வாழ்வதைச் சுட்டும். பிற்காலத்தில் இச்சிற்றினம் மாலோஸ் பேரினத்துள் வைக்கப்பட்டு, மாலோஸ் கிரிகாலிஸ் ஆயிற்று.

பெயரைத் தாங்கும் உடல்

சிலந்திகளுக்கு அறிவியல் முறைப்படி பெயரிடும் வழக்கம் சுவீடன் நாட்டில் தொடங்கியது. கார்ல் கிளர்க் என்பார் தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி 1757இல் நூல் ஒன்று வெளியிட்டார். விலங்குகளுக்குப் பெயரிடும் முறைமை 1758இல் வெளிவந்த லின்னேயசின் நூலிலிருந்து தொடங்குவதாக உலக விதி கொள்கின்றது. எனினும் கிளர்க் இட்ட பெயர்களுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்து ஏற்றுக்கொண்டது. அன்று தொடங்கிப் பெயர் பெற்ற சிலந்திச் சிற்றினங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 50,000ஐத் தாண்டியது.

இத்தனை பெயர்களும் எவற்றைக் குறிக்கின்றன என்பதை எவ்வாறு உறுதி செய்வது? சொல்லாலான வருணனை மட்டும் போதாது. 'பழுப்பு நிறம், வயிற்றில் வெண்புள்ளி, கால்கள் மெல்லியன' என்னும் வருணனை நூறு சிற்றினங்களுக்குப் பொருந்தும். ஆகவே அறிஞர் ஒரு வழியை வகுத்தனர். புதிய சிற்றினத்திற்குப் பெயரிடுவோர், தாம் ஆராய்ந்த உடல்களுள் ஒன்றை அப்பெயருக்கு உரியது எனக் குறித்து, பொதுச் சேகரம் ஒன்றில் வைத்தல் வேண்டும். அதனை மூல மாதிரி எனலாம். வருணனையில் பிழை நேரலாம், படம் தவறலாம், பெயரிட்டவர் மறையலாம். ஐயம் எழும்போது அறிஞர் மீண்டும் சென்று காணவேண்டியது அம்மூல மாதிரியையே.

பழங்காலத்தில் இவ்வொழுங்கு முழுமையாக இல்லை. பல உடல்களை ஒருங்கே கண்டு பெயரிட்டுவிட்டு, அவற்றுள் எது மூலம் என்று சொல்லாமல் விட்டோர் பலர். பின்வந்தோர் அக்கூட்டத்தைத் திறந்து பார்த்தால், ஒரே குப்பியில் இருவேறு சிற்றினங்கள் கலந்திருக்கும். அந்நிலையில் அவற்றுள் ஒன்றை ஆய்ந்து தேர்ந்து, இனி இதுவே பெயருக்கு உரியது என நிறுவுதல் மரபு. மூல மாதிரியே அழிந்துபோய், பெயர்க்குழப்பமும் தீராதாயின், தக்க காரணம் காட்டிப் புதிய மாதிரி ஒன்றை அவ்விடத்தில் அமர்த்தவும் விதி இடம் தருகின்றது. 1999ஆம் ஆண்டிற்குப் பின்னர் வெளியிடப்படும் புதிய சிற்றினப் பெயர் எதுவாயினும், அதன் மூல மாதிரி இன்னதெனத் தெளிவாகச் சுட்டப்படாவிடின் அப்பெயர் ஏற்கப்படுவதில்லை.

ஓலைச்சுவடி ஒப்புநோக்கிப் பதிப்பித்த நம் முன்னோரின் பணியை அறிந்தோர்க்கு இம்முறை அயலானதாகத் தோன்றாது. பாடபேதம் எழும்போது அச்சு நூலை விடுத்துச் சுவடிக்குச் செல்வதுபோல, பெயர் பேதம் எழும்போது அறிஞர் குப்பிக்குச் செல்கின்றனர். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஆசிரியர் தம் கையால் எழுதிய சுவடி நமக்குக் கிடைப்பது அரிது. படியெடுத்த சுவடிகளே எஞ்சின. சிலந்தியியலார்க்கோ மூலமே கிடைக்கும், காப்பவர் இருந்தால்.

மாலோஸ் பேரினத்தின் வரலாறு

மாலோஸ் என்னும் பேரினத்தை 1902ஆம் ஆண்டு நிறுவியவர் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் சிற்றூர் ஒன்றில் கிறித்தவ சமயகுருவாகப் பணியாற்றிக்கொண்டே உலகெங்குமிருந்து தமக்கு வந்த சிலந்திகளை ஆராய்ந்தவர் அவர். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளின் உயிரினங்களைத் தொகுத்துரைக்கும் பெருந்தொகுதி ஒன்று 1879 முதல் 1915 வரை இலண்டனில் வெளிவந்தது. அத்தொகுதிக்காகச் சேகரித்து அனுப்பப்பட்ட உடல்களே அவர் ஆய்வுக்கு மூலம் ஆயின. மாலோஸ் என்னும் கிரேக்கச் சொல் கம்பளி மயிர்க்கற்றையைக் குறிக்கும். அப்பேரினத்தின் முதற் சிற்றினம் மாலோஸ் நிவியஸ். 'பனிபோல் வெண்மையானது' என்பது அதன் பொருள்.

பெயர் பிறந்தபின் அதன் எல்லை எது என்னும் வினா பிறந்தது. எவை மாலோஸ், எவை டிக்டினா, எவை இரண்டும் அல்லாதன? அமெரிக்க ஐக்கிய நாட்டில் ரால்ஃப் சேம்பர்லின், வில்லிஸ் கெர்ட்ச் என்னும் அறிஞர் இருவர், மெக்சிகோவுக்கு வடக்கேயுள்ள அமெரிக்க நிலப்பரப்பின் டிக்டினிடே குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து 1958இல் ஒரு பெருநூலாக வெளியிட்டனர். அதனை வெளியிட்டது நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட சிலந்தி மாதிரிகளைக் காத்துவரும் நிறுவனம் அது.

அடுத்து 1967ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த பெக்கா லெக்டினன், சல்லடைத் தட்டு உடைய சிலந்திகள் அனைத்தையும் மறு ஆய்வு செய்தார். அதுகாறும் சல்லடைத் தட்டு உடையன ஓர் இனம், அஃதில்லாதன மற்றோர் இனம் எனப் பிரிப்பது வழக்கம். சல்லடைத் தட்டு மிகத் தொன்மையான உறுப்பு என்றும், பற்பல சிலந்திக் குடும்பங்கள் அதனைத் தனித்தனியே இழந்துவிட்டன என்றும் லெக்டினன் எடுத்துரைத்தார். முன்னோர் விட்டுச்சென்ற ஒரு பண்டத்தை இன்னும் வைத்திருப்போர் அனைவரும் உடன்பிறந்தார் ஆகார். தொலைத்தோர் அனைவரும் ஒரே குடும்பத்தினரும் ஆகார் என்பது அவர்தம் கருத்தின் சாரம் எனலாம். அந்நூலிலேயே மெக்சிட்லியா என்னும் புதிய பேரினத்தையும் அவர் நிறுவினார்.

இவ்வாறு நூற்றாண்டளவில் சேர்ந்த கருத்துகளையும் குழப்பங்களையும் ஒருங்கே எடுத்து ஆராய்ந்தவர்கள் ஜேசன் பாண்ட், பிரென்ட் ஓப்பல் என்னும் இருவர். மாலோஸ், மெக்சிட்லியா ஆகிய இரு பேரினங்களின் வகைப்பாட்டை மறு ஆய்வு செய்த அவர்தம் கட்டுரை 1997இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் விலங்கியல் இதழில் வெளிவந்தது. இன்று மாலோஸ் பேரினத்தில் பத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களும் மெக்சிட்லியாவில் மூன்று சிற்றினங்களும் எண்ணப்படுகின்றன.

ஆய்வு மேசையில் நிகழ்வது

இத்தகைய மறு ஆய்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். ஆய்வாளர் முதலில் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதுவார். அவை தம்மிடமுள்ள குப்பிகளைப் பஞ்சிட்டுப் பொதிந்து, பதிவேட்டில் குறித்து, இரவலாக அனுப்பும். நூலகத்து நூலைப்போல் உரிய காலத்தில் அவை திரும்ப வேண்டும்.

சிறு குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்து, அத்தகைய குப்பிகள் பலவற்றைப் பெரிய சாடியொன்றில் சாராயத்துக்குள் அமிழ்த்தி வைப்பது பழகிய முறை. நூற்றுக்கு எழுபது அல்லது எண்பது பங்கு செறிவுள்ள சாராயம் உடலைக் கெடாமல் காக்கும். ஆனால் நிறத்தைக் காக்காது. பச்சை வெளிறும், மஞ்சள் மங்கும். ஆகவே நிறத்தை நம்பி வகைப்படுத்துதல் ஆகாது.

எதை நம்புவது? சிலந்திகளில் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவமே சிற்றினத்தைக் காட்டும் தெளிவான அடையாளம். ஆண் சிலந்தியின் முகத்தருகேயுள்ள உணர்கால் இரண்டின் நுனியும் நுட்பமான கருவிபோல் அமைந்திருக்கும். பெண் சிலந்தியின் வயிற்றடியில் அதற்கேற்ற தட்டும் உள்ளறைகளும் இருக்கும். பெண்ணின் உள்ளுறுப்பைப் பிரித்தெடுத்து, கிராம்பு எண்ணெய் போன்றவற்றில் இட்டால் அது கண்ணாடிபோல் தெளியும். நுண்ணோக்கியில் அதன் வளைவும் சுருளும் புலனாகும். நம் வீட்டில் பல்வலிக்குத் தடவும் கிராம்பு எண்ணெய் சிலந்தியியலார் மேசையிலும் இடம்பெற்றுள்ளது காண்க. இவ்வுறுப்புகள் வளர்ச்சி முற்றியபின்னரே உருவாவதால், இளஞ்சிலந்திகளைப் பெயர் சொல்லி அறிதல் பெரும்பாலும் இயலாது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆணும் பெண்ணும் உருவில் வேறுபடுவதால், ஒருவர் ஆணுக்கு ஒரு பெயரும் மற்றொருவர் பெண்ணுக்கு வேறொரு பெயரும் சூட்டிவிடுவது உண்டு. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே செடியில் இரண்டும் கிடைத்தன என்று சீட்டுச் சொல்லுமாயின், அவை இணையாகலாம் என்னும் ஐயம் எழும். ஆய்வு அதனை உறுதி செய்யும். அவ்வாறு உறுதியானபின், முந்திச் சூட்டிய பெயரே நிலைக்கும்; பிந்தியது அதன் மறுபெயராக ஒடுங்கும். சீட்டு வெறுமனே 'மெக்சிகோ' என்று மட்டும் சொல்லுமாயின் அவ்வழி அடைபடும். இப்போது நண்பரின் சொல் விளங்குகின்றது. ஊர் இல்லாத உடல் வாய் திறவாத சாட்சி.

ஆய்வு முடிந்தபின் ஆய்வாளர் தம் முடிபை ஒரு புதிய சீட்டில் எழுதிக் குப்பிக்குள் இடுவார். எழுத்துக் கரையாத மையில் அல்லது எழுதுகோலில், சாராயத்தில் சிதையாத தாளில் அது எழுதப்படும். பழைய சீட்டுத் தவறாக இருந்தாலும் அதனை எடுத்தெறியார். முன்னவர் கருத்தும் பின்னவர் மறுப்பும் ஒரே குப்பியில் அருகருகே கிடக்கும். மூலத்தையும் உரையையும் மறுப்புரையையும் ஒருங்கே காத்த நம் உரையாசிரியர் மரபு நினைவுக்கு வருகின்றது.

பெயர் மாறினால் என்ன?

இவ்வளவு பாடுபட்டுச் சிலந்தியின் பெயரைத் திருத்துவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் உளர். விடை மொஸ்கேரோவிடம் இருக்கின்றது.

1970களில் ராபர்ட் ஜாக்சன் முதலிய ஆய்வாளர்கள் இச்சிலந்திகளின் வாழ்க்கை முறையை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாலோஸ் நிவியஸ் தனித்து வாழ்வது. மாலோஸ் கிரிகாலிஸ் கூடி வாழ்ந்து கூடி உண்பது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது போல மூன்றாவது ஒன்று இருந்தது. வலைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு சிலந்தியும் தன் பகுதியைத் தனியே காத்துக்கொள்ளும். அதனை அவர்கள் மாலோஸ் டிரிவிட்டேட்டஸ் என்று எழுதினர். தனிக்குடி, அண்டை அயல், கூட்டுக்குடும்பம் என மூன்று படிகள் ஒரே பேரினத்தில் அமைந்தாற்போன்ற காட்சி அது. பகை மிகுந்த உயிர் ஒன்று கூடி வாழக் கற்றது எங்ஙனம் என்னும் பெருவினாவுக்கு, இப்படிகள் விடை கூறலாம் என்று எவர்க்கும் தோன்றும்.

ஆனால் அம்மூன்றாவது சிலந்தி உண்மையில் மாலோஸ்தானா? 1901இல் நேதன் பேங்க்ஸ் அதற்குப் பெயரிட்டபோது மாலோஸ் என்னும் பேரினமே நிறுவப்படவில்லை. பின்னர் அது மாலோஸுக்குள் வந்தது. இன்றோ அது மெக்சிட்லியா பேரினத்தில் மெக்சிட்லியா டிரிவிட்டேட்டா என வைக்கப்பட்டுள்ளது. ஒரே தாய் வயிற்றுப் படிகள் எனத் தோன்றியவற்றுள் நடுப்படி வேறு வீட்டைச் சேர்ந்தது என்றால், ஏணியைப் பற்றிய எண்ணத்தையே மறுபடி ஆராய வேண்டும் அன்றோ? வாழ்க்கை முறையைக் கண்ணால் கண்டு எழுதியோர் கண்டதில் பிழை இல்லை. கண்டவற்றை எவ்வரிசையில் அடுக்குவது என்பதைச் சொல்லவேண்டியது வகைப்பாடு. அவ்வகைப்பாடு நிற்பது குப்பிகளின்மேல்.

மொழி பயில்வோர்க்கு இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. பேரினம் மாறியவுடன் சிற்றினப் பெயரின் ஈறும் மாறியதைக் கவனித்திருப்பீர்கள். மாலோஸ் ஆண்பாற் சொல் ஆதலின் 'டிரிவிட்டேட்டஸ்'. மெக்சிட்லியா பெண்பாற் சொல் ஆதலின் 'டிரிவிட்டேட்டா'. மூன்று பட்டைகளை உடையது என்பது பொருள். இலத்தீன் பேசும் நாடு இன்று இல்லை. ஆயினும் அம்மொழியின் பால் இயைபு இலக்கணம் சிலந்தியின் பெயரில் இன்றும் ஆட்சி செய்கின்றது. 'அவன் வந்தாள்' என்பதை ஏற்காத நாம் இதனை எளிதில் உணரலாம்.

தீயும் புதுவாழ்வும்

மாதிரிகள் நூற்றாண்டுகள் தாங்கும். ஆனால் அழியாதவை அல்ல. சாராயம் ஆவியாகும், அதனை ஆண்டுதோறும் பார்த்து நிரப்ப ஆள் வேண்டும். சாராயம் எளிதில் தீப்பற்றும் என்பது பெரிதும் அஞ்சத்தக்கது. பிரேசில் நாட்டின் சாவோ பவுலோவிலுள்ள புட்டான்டான் நிறுவனத்தில் 2010ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஏற்பட்ட தீயில், பாம்பு, சிலந்தி, தேள் சேகரங்கள் பெருமளவில் எரிந்தன. நம் நாட்டில் தில்லியில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26இல் தீக்கிரையாயிற்று. ரியோ டி ஜெனிரோவில் 1818இல் தோன்றிய தேசிய அருங்காட்சியகம், இருநூறாண்டு நிறைந்த அதே 2018இல், செப்டம்பர் 2ஆம் நாள் இரவு எரிந்தது. எரிந்த நூலுக்கு வேறு படி எங்கேனும் இருக்கலாம். எரிந்த மூல மாதிரிக்குப் படி இல்லை.

மறுபுறம், காக்கப்பட்ட உடல்கள் தம்மைச் சேகரித்தோர் கனவிலும் எண்ணாத செய்திகளை இன்று சொல்கின்றன. ஒரு காலை மட்டும் எடுத்து அதிலிருந்து மரபணுவைப் படிக்கும் முறை வந்துவிட்டது. பழைய மாதிரிகளில் மரபணு துண்டு துண்டாகச் சிதைந்திருந்தாலும், அத்துண்டுகளையும் தொகுத்துப் படிக்க இன்று இயலும். டிக்டினிடே குடும்பம் உள்ளடங்கிய பெருங்குழுவின் உறவுமுறைகளை, அருங்காட்சியக மாதிரிகளின் மரபணுத் தொகுதிகளைக் கொண்டு ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2023இல் வெளிவந்துள்ளது. பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் மாலோஸ் பேரினத்தை நிறுவியபோது மரபணு என்னும் சொல்லே இல்லை. பின்னால் வருவோர் என்ன கேட்பார்கள் என்பது தெரியாமலேயே, அவர்களுக்காக விடையைக் காத்து வைத்தனர் முன்னோர்.

இந்தியச் சிலந்திகளுக்கும் இது பொருந்தும். ரெஜினால்ட் பாக்காக் 1900இல் எழுதிய பிரித்தானிய இந்தியச் சிலந்தி, தேள் வகைகள் பற்றிய நூல் முதலாக, நம் மண்ணில் பிடிபட்டுப் பெயர் பெற்ற சிலந்திகள் பலவற்றின் மூல மாதிரிகள் இலண்டனிலும் பாரிசிலும் உள்ளன. 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் அளவைத்துறை, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு நம் நாட்டிலேயே சேகரங்களைக் காத்து வருகின்றது.

முடிவுரை

நண்பரின் ஆய்வகத்தில் ஊரில்லாக் குப்பியைக் கண்டபோது எம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது வேறொரு நினைவு. அதனையும் மறையாது உரைக்கின்றோம்.

எம்.ஃபில். பட்ட ஆய்வுக்காக யாம் கைத்தறி நெசவாளரின் வழக்குச் சொற்களைத் தொகுத்தோம். பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா என்பன எங்கும் வழங்குவன. ஆனால் ஊருக்கு ஊர் வேறுபடும் சொற்களும் பல உண்டு. மூன்று ஊர்களில் திரட்டிய சொற்களைச் சீட்டுகளில் எழுதினோம். பொருளைக் கருத்தாக எழுதினோம். ஊரையும் சொன்னவர் யாரென்பதையும் பல சீட்டுகளில் எழுதாது விட்டோம். நினைவில் இருக்கின்றதே என்னும் துணிவு! சீட்டுகள் கலந்தபின் நெறியாளர் அவற்றுள் ஒன்றை எடுத்து, "இது எந்த ஊர் வழக்கு?" என்றார். விடை சொல்ல இயலவில்லை. ஊரில்லாச் சீட்டுகள் அனைத்தையும் ஒதுக்கிவிடுமாறு அவர் பணித்தார். மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்றோம். பல சொற்கள் மீண்டன. அரிய சொற்களை அள்ளித் தந்த முதிய நெசவாளர் ஒருவர் அதற்குள் காலமாகியிருந்தார். அவருடையவை என நாம் கருதும் சில சொற்கள் இன்றும் எம் பெட்டியில் உள்ளன. எவ்வகராதியிலும் சேர்க்க இயலாதவாறு, உடல் இருந்தும் ஊர் இன்றிக் கிடக்கின்றன.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு யாம் கூற விரும்புவது இதுவே. நீங்கள் தொகுப்பது செடியாயினும், சிலந்தியாயினும், பாட்டியின் வாய்மொழிக் கதையாயினும், இடமும் நாளும் தந்தவர் பெயரும் அன்றே, அங்கேயே எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள். ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் தத்தம் துறையிலும் இல்லத்திலும் உள்ள பழைய குப்பிகளையும் ஏடுகளையும் கடிதங்களையும் எறியுமுன் அவற்றின் சீட்டை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். சீட்டில்லையேல், அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.

சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிலந்தியின் உறவினர் யார் என்பதை நூறாண்டு கழித்தும் அறிய முடிந்தது. யாரோ ஒருவர் மெக்சிகோ நாட்டுச் செடியருகே நின்று, அதன் ஊரையும் நாளையும் சிறு தாளொன்றில் எழுதிக் குப்பிக்குள் இட்டதே அதற்குக் காரணம்.